அலுமினியமும் இரும்பும் ஒட்டுமா? பட்டறையில் பழகிய வழிகள்

"இந்த அலுமினியப் பட்டையை அந்த இரும்பு ஆங்கிளோட வெச்சு ஆர்கான்ல பத்தவெச்சுக் குடுத்துருங்கண்ணா." எங்கள் பட்டறையில் டிக் (TIG) வெல்டிங் மிஷின் இருப்பது தெரிந்து வருகிறவர்களில் பலரும் இப்படித்தான் கேட்கிறார்கள். ஆர்கான் என்றால் எதையும் ஒட்ட வைக்கும் மந்திரம் என்று ஒரு நினைப்பு. அது ஒரு வாயு. உருகிய உலோகத்தில் காற்றுப் படாமல் காக்கும், அவ்வளவுதான். அலுமினியத்தையும் இரும்பையும் உருக்கி ஒன்றாக்குகிற வேலையை ஆர்கானும் செய்யாது, வேறு எந்த வாயுவும் செய்யாது.

ஆனால் இந்த இரண்டையும் சேர்க்க வேறு வழிகள் உண்டு. சிலவற்றைச் சிங்கப்பூர் கப்பல் யார்டில் வெல்டராக இருந்தபோது என் கையால் செய்திருக்கிறேன். சிலவற்றை இங்கே நாமக்கல்லில் லாரி பாடி கட்டும்போது பழகினேன். மிச்சத்தைப் பிறர் செய்யப் பார்த்திருக்கிறேன். எந்த வழி எந்த வேலைக்கு ஆகும், எங்கே வெல்டிங் ஆசையை விட்டுவிட்டு போல்ட் போட்டுவிடலாம் என்பதை எழுதி வைத்தால் புதிதாகப் பட்டறை வைக்கும் தம்பிகளுக்கு உதவும்.

நேரடியாகப் பற்றவைத்தால் என்ன ஆகிறது என்று பார்க்க ஆசைப்படுகிறவர்கள் இரண்டு கழிவுத் துண்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். இரும்பு உருக 1500 டிகிரி ஆக வேண்டும். அலுமினியத்தின் மேல் படிந்திருக்கும் ஆக்சைடோ 2000 டிகிரிக்கு மேல்தான் அசையும். இந்த வித்தியாசம்தான் பிரச்சினை என்று பலர் சொல்வார்கள். அதுவும் பிரச்சினைதான். ஆனாலும் கை தேர்ந்த வெல்டர் எப்படியாவது இரண்டையும் உருக்கிக் கலந்துவிடுவார். பீடு, அதாவது உருகி உறைந்த வெல்டிங் வரி, விழும், பார்க்கப் பளபளவென்றும் இருக்கும். ஆறும்போது காது கொடுத்தால் டிக், டிக் என்று சத்தம் கேட்கும். விரிசல் விடுகிற சத்தம். சுத்தியால் லேசாக ஒரு தட்டு தட்டினால் பீடு பெயர்ந்து கையோடு வந்துவிடும். உடைந்த இடத்தைப் பார்த்தால் இரும்பு மாதிரி இழுபட்டிருக்காது, அலுமினியம் மாதிரி நசுங்கியும் இருக்காது. சாம்பல் நிறத்தில் பொடிப்பொடியாக மினுங்கும்.

அந்தச் சாம்பல் பொருள்தான் எல்லாத் தொல்லைக்கும் மூலம். திடநிலையில் அலுமினியம் தனக்குள் இரும்பை அனேகமாக ஏற்றுக்கொள்வதே இல்லை. உருகும் சூட்டுக்குப் பக்கத்தில் போனாலும் 0.05 சதவீதம்கூட கரையாது. மிச்ச இரும்பெல்லாம் அலுமினியத்தோடு சேர்ந்து புதுச் சேர்மமாக மாறுகிறது. இரண்டு இரும்பணுவுக்கு ஐந்து அலுமினிய அணு என்ற கணக்கில் ஒன்று, ஒன்றுக்கு மூன்று என்கிற கணக்கில் இன்னொன்று. மைல்ட் ஸ்டீலின் கடினம் விக்கர்ஸ் அளவில் 150-ஐச் சுற்றி இருக்கும் என்றால், இது 1000-ஐ ஒட்டி வரும். கடினமாக இருப்பதால் பலம் என்று நினைத்துவிடக் கூடாது. துளிகூட வளையத் தெரியாது, உடையத்தான் தெரியும்.

திருச்சி பெல் வளாகத்தில் இருக்கும் வெல்டிங் ஆராய்ச்சி நிறுவனத்தில் ஒரு பயிற்சிக்குப் போயிருந்தபோது, இப்படி ஒரு மூட்டை அறுத்து, மெருகேற்றி, மைக்ராஸ்கோப்பில் காட்டினார்கள். ஒரு பக்கம் இரும்பு, மறுபக்கம் அலுமினியம், நடுவில் இந்த அடுக்கு. அலுமினியப் பக்கம் ஓரளவு சமமாக இருந்தது. இரும்புப் பக்கமோ நாக்கு நாக்காக உள்ளே நீண்டு போயிருந்தது. இந்த அடுக்கு 10 மைக்ரானுக்குள் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) இருந்தால் மூட்டு தாங்கும், அதைத் தாண்டித் தடித்தால் நம்பக் கூடாது என்பது இந்தத் துறையில் பொதுவாக வைத்திருக்கும் கணக்கு. தலைமுடி ஒன்றே 70 மைக்ரான் சொச்சம் இருக்கும். நமக்குக் கிடைக்கும் இடம் எவ்வளவு குறைவு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சூடு கூடினால் அடுக்கு தடிக்கும். அந்தச் சூட்டில் நிற்கும் நேரம் கூடினாலும் தடிக்கும். கீழே சொல்லப்போகிற ஒவ்வொரு முறையும் இந்த அடுக்கை மெலிதாக வைத்துக்கொள்ள யாரோ கண்டுபிடித்த உபாயம்தான். யாராவது புது மிஷின், புது ராடு என்று கொண்டுவந்து காட்டினாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான்: இரும்பு எவ்வளவு சூடாகிறது, எவ்வளவு நேரம்?

முதலில் கப்பல். கப்பலின் உடம்பு இரும்பு, சில கப்பல்களில் மேல்கட்டு அலுமினியம். அலுமினியத்தின் அடர்த்தி 2.7, இரும்புடையது 7.85. உயரத்தில் எடை குறைந்தால் கப்பலின் ஈர்ப்பு மையம் கீழே இறங்கும், நிலை கெடாது. 1952-இல் ஓடத் தொடங்கிய எஸ்.எஸ். யுனைடெட் ஸ்டேட்ஸ் என்ற அமெரிக்கப் பயணிகள் கப்பலில் சுமார் 2000 டன் அலுமினியம் போட்டிருந்தார்கள். அந்த மேல்கட்டை இரும்போடு ரிவெட் அடித்துத்தான் சேர்த்தார்கள். அன்றைக்கு வேறு வழி இல்லை.

நான் யார்டில் சேர்ந்தபோது ரிவெட் காலம் முடிந்துவிட்டது. எங்கள் கைக்கு வந்தது டிரான்சிஷன் பார். நீளமான பட்டை. அறுத்த முனையைப் பார்த்தால் மூன்று அடுக்கு தெரியும்: கீழே இரும்பு, நடுவில் கலப்பில்லாத அலுமினியம், மேலே 5083 ரக அலுமினியம். இரும்பும் அலுமினியமும் சேரும் இடத்தில் உற்றுப் பார்த்தால் அலை அலையாக ஒரு கோடு ஓடும். அந்த அலை, வெடிமருந்து போட்ட கையெழுத்து. இரும்புத் தகட்டின் மேல் கொஞ்சம் இடைவெளி விட்டு அலுமினியத் தகட்டை வைத்து, அதன் மேல் வெடிமருந்தைப் பரப்பி ஒரு முனையில் பற்றவைப்பார்கள். மேல் தகடு சாய்வாகக் கீழே அறையும். அறைகிற வேகத்தில் இரண்டு பக்கத்து ஆக்சைடும் அழுக்கும் பீறிட்டு வெளியே போய்விட, சுத்தமான உலோகத்தோடு சுத்தமான உலோகம் அழுந்தி ஒட்டிக்கொள்ளும். எல்லாம் கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடுவதால் சேர்மம் வளர நேரமே கிடையாது. நடுவில் கலப்பில்லாத அலுமினியம் எதற்கு என்றால், 5083-இல் மக்னீசியம் அதிகம், அது இரும்போடு நேரடியாக நன்றாக ஒட்டாது.

இந்தப் பார் இருந்தால் வெல்டருக்கு வேலை சுலபம். இரும்பை இரும்போடு பற்றவைக்கலாம், அலுமினியத்தை அலுமினியத்தோடு பற்றவைக்கலாம். நடுவில் இருக்கிற கோட்டைக் கெடுக்காமல் இருந்தால் போதும். எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த ஃபோர்மேன் புதுக்கோட்டைக்காரர். "தம்பி, இந்தக் கோட்டு மேல ஆர்க் பட்டுச்சுன்னா பாரைத் தூக்கிக் கடல்ல போட்டுர வேண்டியதுதான்" என்பார். மிகையாகச் சொல்லவில்லை. கோட்டில் சூடு 300 டிகிரியைத் தாண்டக் கூடாது. தாண்டினால் வெடிமருந்து தடுத்து வைத்த சேர்மம் அங்கே வளரத் தொடங்கிவிடும்.

அதனால் வேலைக்கு ஒரு ஒழுங்கு உண்டு. அலுமினியத் தகட்டின் தடிமனைப் போல் நான்கு மடங்கு அகலமான பார் எடுக்க வேண்டும், 6 மி.மீ. தகடு என்றால் பார் 24 மி.மீ. அகலத்துக்குக் குறையக் கூடாது. வெடித்து ஒட்டிய இடத்தின் பலம் அலுமினியத் தகட்டின் பலத்தைவிடக் குறைவு, அதை அகலத்தில் ஈடுகட்டுகிறோம். பாரை ரம்பத்தில் அறுப்போம், கேஸ் கட்டிங் பக்கமே போவதில்லை. முதலில் அலுமினியப் பக்கத்தைப் பற்றவைத்துவிட்டுப் பிறகு இரும்புப் பக்கம் வருவோம். இரும்பை வெல்டிங் செய்யும்போதுதான் சூடு அதிகம். அதற்குள் பெரிய அலுமினியத் தகடு மேலே சேர்ந்துவிட்டால் அது சூட்டை இழுத்துக்கொண்டு போய்விடும். பீடு மெல்லிசாக, நேராக, அசைக்காமல் இழுக்க வேண்டும். ஓர் இடத்தில் கொஞ்சம், தள்ளிப் போய்க் கொஞ்சம், ஆறவிட்டு மறுபடி. பக்கத்தில் டெம்ப் ஸ்டிக்கால் கோடு போட்டு வைப்போம், அந்தந்தச் சூட்டில் உருகிக் காட்டிக் கொடுக்கும் சாக்கட்டி அது. உருகினால் டார்ச்சைக் கீழே வைத்துவிட்டு நிற்க வேண்டியதுதான். சூப்பர்வைசர் அவசரப்படுத்தினாலும் நிற்க வேண்டும்.

இரண்டு பார் முனைக்கு முனை சேருகிற இடம்தான் கஷ்டம். மேலே அலுமினியத்துக்குத் தனி வெட்டு, கீழே இரும்புக்குத் தனி வெட்டு எடுத்து, இரண்டையும் தனித்தனியாகப் பற்றவைத்து, நடுக்கோட்டை ஒட்டிச் சில மில்லிமீட்டரைப் பற்றவைக்காமல் விட்டுவிடுவோம். முழுதும் நிரப்பினால்தான் பலம் என்று பழகிய கைக்கு இது உறுத்தும். ஆனால் அங்கே நிரப்பினால் பழைய சாம்பல் கதைதான். விட்ட சந்தில் சீலன்ட் அடைத்து, மேலே பெயின்ட் அடித்துவிடுவோம்.

லாரி பாடிக்கு இந்தப் பார் கட்டுப்படியாகாது. விலை அப்படி. கப்பலைத் தவிர இதே வெடிமருந்துப் பட்டையை அதிகமாக வாங்குவது அலுமினிய உருக்காலைகள். அங்கே மின்சாரம் கொண்டுபோகும் அலுமினியக் கம்பிக்கும் கீழே இருக்கும் இரும்பு முட்டுக்கும் நடுவே இதே மாதிரி ஒரு கட்டையைத்தான் வைக்கிறார்கள்.

கார் கம்பெனிகள் போன வழி வேறு. 1991-இல் இங்கிலாந்தில் டிடபிள்யூஐ (TWI) என்று சுருக்கமாகச் சொல்லப்படும் வெல்டிங் ஆராய்ச்சி நிறுவனத்தில் ஃபிரிக்‌ஷன் ஸ்டிர் வெல்டிங் கண்டுபிடிக்கப்பட்டது. சுழலும் கருவி ஒன்று அலுமினியத்தை உருக்காமல் குழைத்துக்கொண்டே போகும். ஹோண்டா 2013 மாடல் அக்கார்டில் முன்பக்க சப்ஃபிரேமில் இரும்பையும் அலுமினியத்தையும் இப்படிச் சேர்த்தது. ஜெனரல் மோட்டார்ஸ் 2016-இல் கேடிலாக் சிடி6 காரில் அலுமினியத்தை இரும்போடு ஸ்பாட் வெல்டிங் செய்து காட்டியது. எலக்ட்ரோடு முகத்தில் வளையம் வளையமாக வெட்டியிருப்பார்கள், அது ஆக்சைடைக் கிழிக்கும். படிக்க நன்றாக இருக்கிறது. அந்த மிஷினை வாங்குகிற இடத்தில் நாம் இல்லை, எனவே நம் பட்டறைக்கு வருவோம்.

நம் கையில் இருக்கும் ஏசி டிக் மிஷினால் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அலுமினியப் பக்கம் வெல்டிங், இரும்புப் பக்கம் பிரேசிங். இரும்பை உருக்காமல், உருகிய அலுமினியத்தை அதன் மேல் படரவிடுவது. இதற்கு இரும்பு, துத்தநாகப் பூச்சுப் போட்ட ஜிஐ ஷீட்டாக இருக்க வேண்டும். வெறும் மைல்ட் ஸ்டீல் மேல் அலுமினியம் உருண்டு ஓடும், படியாது. துத்தநாகப் பூச்சு இருந்தால் அது முதலில் உருகி வழிவிட, அலுமினியம் அதன் மேல் வழுக்கிக்கொண்டு பரவும்.

எங்களுக்கு இது அவசியமானது குளிர்பதன வண்டிகளின் வடிகால் தட்டில். அலுமினியத் தட்டு, அதைச் சுற்றி ஜிஐ விளிம்பு. எடை தாங்கத் தேவையில்லை, தண்ணீர் கசியாமல் இருந்தால் போதும். இந்த மாதிரி வேலைக்குத்தான் இந்த முறை. இதில் பாரம் தொங்கவிடுகிறேன் என்று யாராவது சொன்னால் நான் செய்து தருவதில்லை.

ஜிஐ ஷீட்டைக் கையில் எடுத்ததும் கிரைண்டர் போட்டுத் துத்தநாகத்தைத் தேய்த்து எடுப்பது நம் பையன்களுக்கு ஊறிய பழக்கம். சாதாரண வெல்டிங்கில் அது சரி. இங்கே தேய்த்தால் வேலையே கெட்டது. அசிட்டோன் போட்டுத் துடைத்தால் போதும். ஷீட் வாங்கும்போதே பூச்சைக் கேட்டு வாங்க வேண்டும். கடையில் சுலபமாகக் கிடைக்கும் 120 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் பூச்சு என்ற கணக்கு) ஷீட்டில் அந்த 120 கிராம் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து. ஒரு பக்கத்துக்கு எட்டரை மைக்ரான்கூட வராது. 10 மைக்ரானுக்கு மேல் இருந்தால்தான் படர்வது சீராக இருக்கும். 180 ஜிஎஸ்எம் என்றால் ஒரு பக்கம் பன்னிரண்டரை மைக்ரான், 275 என்றால் பத்தொன்பது. நான் 180-க்குக் கீழே வாங்குவதில்லை.

இரும்பைக் கீழே வைத்து அலுமினியத்தை மேலே ஏற்றி லேப் ஜாயின்ட் போடுங்கள். ஆர்க்கை அலுமினிய விளிம்பின் மேலேயே வைத்திருக்க வேண்டும், இரும்பைக் குறிவைக்கவே கூடாது. விளிம்பு உருகிக் குழம்பானதும் ஃபில்லர் கம்பியை அதில் தொட்டால் குழம்பு தானாக ஜிஐ மேல் இறங்கிப் படரும். ஃபில்லர் 4047, அதில் 12 சதவீதம் சிலிக்கான். 577 டிகிரியிலேயே உருகத் தொடங்கிவிடும். சிலிக்கான் அந்தச் சாம்பல் அடுக்கு வளர்வதையும் மட்டுப்படுத்தும். 4043-உம் ஆகும், அதில் 5 சதவீதம். ஆனால் அலுமினியப் பக்கம் 5083 மாதிரி மக்னீசியம் கூடிய ரகமாக இருந்தால் இந்த இரண்டையும் போடாதீர்கள், சிலிக்கானும் மக்னீசியமும் சேர்ந்து பீடு நொறுங்கும். தட்டுக்கு நாங்கள் எடுப்பது கலப்பில்லாத ரகம் அல்லது 3003.

இரும்பு சிவந்தால் தோற்றோம். 907 டிகிரியில் துத்தநாகம் கொதித்தே போய்விடும். அதனால் வேகமாகப் போக வேண்டும். வேலை முடிந்ததும் ஷீட்டைத் திருப்பி முதுகைப் பாருங்கள். பீடு போன பாதையில் துத்தநாகம் கொஞ்சம் மங்கியிருந்தால் சரி. எரிந்து போய்ப் பழுப்பும் நீலமுமாக இரும்பு தெரிந்தால் சூடு கூடிவிட்டது, முன்பக்கம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்தத் துண்டை நம்பாதீர்கள். புது ஷீட் கட்டு பிரிக்கும் ஒவ்வொரு முறையும் ஓரத்தில் ஒரு துண்டு செய்து, ஓர் அங்குல அகலத்துக்கு வெட்டி, வைஸில் பிடித்து உரித்துப் பார்ப்போம். பீடுக்குப் பக்கத்தில் அலுமினியம் கிழிந்தால் தேறியது. பீடு இரும்பிலிருந்து முழுசாகப் பெயர்ந்து சாம்பல் தடம் தெரிந்தால் ஆம்பியரைக் குறைத்து மறுபடி செய்ய வேண்டும்.

இதே வேலையை ஒழுங்காகச் செய்வதற்கென்றே ஃபிரோனியஸ் கம்பெனியின் சிஎம்டி மிஷின் இருக்கிறது. வயர் ஒவ்வொரு முறை தொட்டதும் பின்னால் இழுத்துக்கொள்ளும், அதனால் சூடு மிகக் குறைவு. கோவையில் ஒரு கண்காட்சியில் அது ஓடுவதைப் பார்த்து ஏங்கியிருக்கிறேன். விலையைக் கேட்டதும் ஏக்கம் தீர்ந்தது.

அப்புறம் புகை. துத்தநாகப் புகையை இழுத்தால் ராத்திரி குளிர்க்காய்ச்சல் மாதிரி வந்து ஆளை உலுக்கும். பால் குடித்தால் சரியாகிவிடும் என்று பட்டறைக்குப் பட்டறை சொல்வார்கள். பால் குடிக்கிறவர்கள் குடிக்கட்டும், புகை மூக்குக்கு வராமல் ஃபேனையும் முகமூடியையும் வைத்துக்கொள்வதுதான் உபாயம். வெட்டவெளியில் ஃபேன் வைத்தால் ஆர்கான் கலைந்துவிடும் என்பது உண்மை. புகையைப் பக்கவாட்டில் உறிஞ்சி எடுக்கிற மாதிரி வையுங்கள், டார்ச்சை நோக்கி ஊதுகிற மாதிரி வைக்காதீர்கள்.

யூடியூப் பார்த்துவிட்டு ராடு ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு வருகிறவர்களும் உண்டு. கேஸ் டார்ச்சால் சூடாக்கித் தேய்த்தால் அலுமினியம், இரும்பு எல்லாம் ஒட்டும் என்று காட்டும் வீடியோ. பெரும்பாலும் அது துத்தநாகமும் அலுமினியமும் கலந்த ராடு. அலுமினியத்தோடு அலுமினியத்தைச் சேர்க்க நன்றாகவே வேலை செய்யும், அதில் சந்தேகமில்லை. வெறும் இரும்பில், ஆக்சைடை நீக்கும் தகுந்த ஃபிளக்ஸ் இல்லாமல் பிடிக்காது, மேலே படிந்த மாதிரி போக்குக் காட்டும். வாங்கியவரிடம் நான் ஒன்றும் சொல்வதில்லை. ஆறியதும் வைஸில் வைத்து ஒரு தட்டுத் தட்டச் சொல்கிறேன்.

இரும்பை முதலில் உருகிய அலுமினியத்தில் முக்கி எடுத்து, அந்தப் பூச்சின் மேல் அலுமினியத்தைப் பற்றவைக்கும் முறையும் பழையது. வண்டி சைலன்ஸர்களில் வரும் அலுமினியப் பூச்சு இரும்பைப் பார்த்திருப்பீர்கள், அந்த வகைதான். ஆர்க்கை பூச்சின் மேலேயே நிறுத்த வேண்டும், கீழே இரும்பைத் தொடக் கூடாது. இதுவும் கசிவை அடைக்கத்தான், பாரம் தாங்க அல்ல.

தண்டும் குழாயுமாக வட்டமான பொருள் என்றால் ஃபிரிக்‌ஷன் வெல்டிங் மாதிரி வேறு இல்லை. கோவையில் எனக்குத் தெரிந்த ஒரு ஆலையில் ஓடுகிறது. இரும்புத் தண்டு ஒரு பக்கம், சுழலும் அலுமினியத் தண்டு மறுபக்கம். இரண்டையும் உரசி அழுத்தினால் சில விநாடியில் அலுமினியம் குழைந்து சுற்றிலும் மடிந்து வெளியே வரும். அந்த மடிப்போடு ஆக்சைடும் வெளியே போய்விடும். இரும்பு முகம் புதிதாகக் கடைந்ததாக இருக்க வேண்டும். கடைந்து வைத்துவிட்டு மறுநாள் வந்தால் மறுபடி கடைவார்கள். நமக்கு அடாப்டர், புஷ் மாதிரி பத்துப் பதினைந்து உருப்படி தேவைப்பட்டால் வெளியே கொடுத்துச் செய்துகொள்வது லாபம்.

சரி, லாரி பாடிக்கு வருவோம். இரும்பு சேஸிஸ், அதன் மேல் அலுமினியக் கன்டெய்னர் பாடி. நான் இதுவரை சொன்ன எதையும் இங்கே செய்வதில்லை. போல்ட்டுதான், ரிவெட்டுதான். ஃபோர்டு 2015 மாடல் எஃப்-150 பிக்கப்பில் முழு பாடியையும் அலுமினியத்துக்கு மாற்றியபோதுகூட இரும்பு ஃபிரேமை அப்படியே வைத்து, பாடியை அதன் மேல் போல்ட்டில்தான் உட்கார வைத்தார்கள். பணம் இருப்பவர்களே அப்படிச் செய்யும்போது நமக்கு என்ன வந்தது?

வெல்டிங் எப்படியோ நின்றுவிட்டது என்றே வைத்துக்கொண்டாலும், வெயில் அதை விடாது. அலுமினியம் இரும்பைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். 6 மீட்டர் பாடி, விடிகாலைக்கும் மத்தியானத்துக்கும் தகட்டின் சூடு 40 டிகிரி கூடுகிறது என்று கணக்குப் போடுங்கள். அலுமினியம் ஐந்தரை மில்லிமீட்டருக்கு மேல் நீளும், இரும்பு மூன்றைத் தொடாது. தினமும் இந்த இரண்டரை, மூன்று மில்லிமீட்டர் இழுபறி நடக்கும். அதனால்தான் பாடியின் நடுவில் ஒரு போல்ட்டை இறுக்கமாக வைத்துக்கொண்டு, முன்னும் பின்னும் இருக்கிற துளைகளை நீளவாக்கில் நீட்டி வெட்டுகிறோம்.

இன்னொரு எதிரி தண்ணீர். அலுமினியமும் இரும்பும் தொட்டுக்கொண்டு, நடுவில் ஈரம் இருந்தால் அலுமினியம் அரிக்கப்படும். தூத்துக்குடி துறைமுகத்துக்கு ஓடும் வண்டிகளில் உப்புக்காற்றும் சேர்ந்துகொள்ளும். பழைய பாடியை இறக்கும்போது போல்ட்டைச் சுற்றி வெள்ளைப் பொடி பூத்து, தகடு உப்பியிருப்பதைப் பார்க்கலாம். விரலால் குத்தினால் உள்ளே போகும். தடுப்பது சிரமமில்லை. இரும்பு கிராஸ் மெம்பருக்கும் அலுமினியத்துக்கும் நடுவில் நியோபிரீன் பட்டை, போல்ட்டுக்கு நைலான் புஷ், தலைக்குக் கீழே நைலான் வாஷர், எல்லாவற்றுக்கும் மேல் பாலியூரிதேன் சீலன்ட். நியோபிரீனுக்குப் பதில் பழைய டயர் டியூபை வெட்டிப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதில் சேரும் கார்பன் மின்சாரத்தைக் கடத்தக்கூடும், காசு மிச்சமாகும் அளவுக்கு நான் அதை நம்பவில்லை.

ரிவெட் விஷயத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். பெரிய அலுமினியத் தகட்டில் சின்ன ஸ்டெயின்லெஸ் போல்ட் இருந்தால் அரிப்பு தகட்டில் பரவலாக, மெதுவாக நடக்கும். பெரிய இரும்புத் தகட்டில் சின்ன அலுமினிய ரிவெட் அடித்தால் மொத்த அரிப்பும் அந்த ரிவெட் மேல் வந்து விழும், ஒரு மழைக்காலம் முடிவதற்குள் தலை கழன்றுவிடும். கடையில் பாப் ரிவெட் என்று கேட்டால் அலுமினியத்தைத்தான் முதலில் எடுத்துக் கொடுப்பார்கள். இரும்புத் தகட்டுக்கு அதை வாங்காதீர்கள்.

ஆகவே யாராவது அலுமினியம், இரும்பு என்று இரண்டையும் தூக்கிக்கொண்டு வந்தால் நான் டார்ச்சைத் தொடுவதற்கு முன்னால் கேட்பது: பாரம் தாங்கணுமா, தண்ணீர் படுமா, சூடாகுமா, பிறகு கழற்ற வேண்டி வருமா? கழற்ற வேண்டும் என்றாலே போல்ட் என்று முடிவாகிவிடும். முக்கால்வாசிப் பேருக்கு போல்ட்டோடு கொஞ்சம் எபாக்ஸிப் பசை போதும். "பத்தவெச்சாத்தான் ஸ்ட்ராங்கு" என்று அடம்பிடிக்கிறவருக்கு முன்னால் சொன்ன கழிவுத் துண்டு இரண்டையும் பற்றவைத்து, சுத்தியை அவர் கையிலேயே கொடுத்துவிடுவேன்.

எந்த முறையாக இருந்தாலும் அலுமினியத்துக்குத் தனி ஸ்டெயின்லெஸ் பிரஷ் வேண்டும். இரும்பைத் தேய்த்த பிரஷ் அலுமினியத்தில் பட்டால் துருத்தூள் உள்ளே பதிந்து, பீடு முழுக்கக் கருப்புப் புள்ளியாக வரும். எங்களிடம் அலுமினிய பிரஷ்ஷின் கைப்பிடியில் நீலப் பெயின்ட் அடித்திருக்கும். முதலில் அசிட்டோன், பிறகுதான் பிரஷ். மாற்றிச் செய்தால் எண்ணெயைத் தேய்த்து உள்ளே ஏற்றுகிறோம்.

கிரைண்டிங் தூசி பற்றி யாரும் பேசுவதில்லை, ஆனால் இந்த இரண்டு உலோகத்தையும் ஒரே கூரைக்குக் கீழ் வைத்திருப்பவர்கள் பேசியே ஆக வேண்டும். தண்டவாளத்தை ஒட்டவைக்க ரயில்வேயில் தெர்மிட் வெல்டிங் செய்வார்கள். அதில் எரிவது அலுமினியப் பொடியும் இரும்பு ஆக்சைடும்தான். அதே இரண்டும் நம் தூசி உறிஞ்சும் பையில் ஒன்றாகச் சேர்ந்து, மேலே ஒரு கிரைண்டர் பொறி விழுந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. அலுமினியம் தேய்க்கும் மேசையை இரும்பு மேசையிலிருந்து தள்ளிப் போடுங்கள். இரண்டுக்கும் தனித்தனி டிஸ்க், தனித்தனி பை, சாயங்காலம் பூட்டும் முன் இரண்டையும் காலிசெய்து தனித்தனி டப்பாவில் கொட்ட வேண்டும். அலுமினியத் தூசி பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றக் கூடாது, ஹைட்ரஜன் கிளம்பி இன்னும் மோசமாகும். உலர்ந்த மணலை மெதுவாகப் போட்டு மூட வேண்டும், விசிறியடித்தால் தூசி எழும்பிப் பரவும். மேசைக்குப் பக்கத்தில் ஒரு வாளி மணல் எப்போதும் இருக்கட்டும். மழைக்காலத்தில் அது ஈரமாகாமல் மேலே ஒரு மூடி போட்டு வையுங்கள்.